சிரித்து முடிக்கும் வரை

காதல் நகைச்சுவைப் படங்களில் கதாநாயகி வாயைத் திறந்தால் வருகிற சிரிப்பு அவளுடையது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைச் சிரிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவள் சிரித்ததாக அண்ணிக்கு நினைவில்லை. ஒருமுறை பேருந்தில் தன்னை மறந்து சிரித்துவிட்டாளாம்; ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எந்த நடிகை ஏறியிருக்கிறாள் என்று ஒவ்வோர் இருக்கையாகத் தேடினாராம். அவள் இருந்த இருக்கையை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

டப்பிங் வேலை இதுதான். சன்னல் இல்லாத சின்ன அறை, நடுவில் மைக், எதிரே திரை. நாயகனுக்குக் குரல் கொடுக்கிறவர் முன்னதாகவே வந்து தன் பங்கைத் தனியாகப் பேசிவிட்டுப் போய்விடுவார். பிறகு இவள் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காதில் விழும் அந்தக் குரலோடு சண்டை போடுவாள், கோபித்துக்கொள்வாள், சமாதானமாவாள். வருஷக்கணக்கில் காதல் நடந்துகொண்டிருந்தது. ஆளை நேரில் பார்த்ததில்லை.

காதல் என்பது பேச்சுக்காகச் சொன்னதல்ல. அவர்கள் குரல் கொடுத்த படங்களில் பாதி, வந்த சுவடு தெரியாமல் போயின. ஒன்று மட்டும் மாதக்கணக்கில் ஓடியது. பாட்டுதான் காரணம் என்றார் இயக்குநர். நாயகியின் உடைகள் என்றார் தயாரிப்பாளர். சிரிப்புக்காரிக்கு உண்மை தெரியும். மோதலும் பிரிவும் கடைசியில் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதும் எந்தப் படத்தில்தான் இல்லை? அந்தப் படத்தில், மொட்டைமாடிக் காட்சியில், நாயகன் ஒரு கிண்டல் செய்துவிட்டு, அவள் சிரித்து முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருப்பான். அவ்வளவுதான் விஷயம். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு இளகிவிடும். முன்னதாகவே பேசிவிட்டுப் போகிறவர், பின்னால் வரப்போகும் தன் சிரிப்புக்கு இவ்வளவு கச்சிதமாக இடம் விட்டிருக்கிறாரே, மனசில் ஒன்றும் இல்லாமலா?

இந்த ஒற்றை இடைவெளியை வைத்து அவள் மனசுக்குள் ஒரு வீடே கட்டிக் குடியேறியிருந்தாள். இதற்கிடையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர், அண்ணி மூலமாக அவளைப் பெண் கேட்டு அனுப்பியிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். குரலை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம் பதில்.

வாய்ப்பு தானாக வந்தது. புதிய படத்தின் கடைசிக் காட்சி உயிரில்லாமல் கிடக்கிறது, இருவரும் ஒரே மைக்கில் பேசட்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அன்று அவள் தலை வாரிய நேரத்தைப் பார்த்து, கூடத்தில் பேசப் போகிறாளா, திரையிலேயே தோன்றப் போகிறாளா என்று அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குரலுக்குச் சொந்தக்காரர் வழுக்கைத் தலையும் அவசரமுமாக வந்தார். அதெல்லாம் அவளுக்கு ஒரு குறையாகப் படவில்லை. காட்சி தொடங்கியது. அவர் கிண்டலைச் சொன்னார், அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவர் அடுத்த வரிக்குப் பாய்ந்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சிரிப்பை மிதித்துக்கொண்டு போனார். மூன்றாவது தடவையும் அப்படியே. தனித்தனியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று இயக்குநர் எழுந்து போய்விட்டார்.

அவர் பையை எடுக்கும்போது அவள் கேட்டாள்:

"அந்த மொட்டைமாடி சீன்ல, நான் சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருந்தீங்களே சார்?"

"நானா? பேப்பர்ல இருக்கறத கடகடன்னு படிச்சுட்டுப் போறவன்மா நான். படம் வந்தா பாக்கறதுகூட இல்ல. இவரைக் கேளுங்க," என்று ஒலிப்பதிவாளரைக் காட்டிவிட்டு, அடுத்த கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டார்.

இதுவே படமாக இருந்தால், ஒலிப்பதிவாளர் மெல்லத் தலையை நிமிர்த்துவார், பின்னணி இசை தொடங்கும், இத்தனை நாளும் காத்திருந்தவர் இவர்தான் என்று அரங்கம் கைதட்டும். ஒலிப்பதிவாளருக்கோ அன்று பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"படத்துல நடிச்ச அந்தப் பையன் அங்க டயலாக்க மறந்துட்டு முழிச்சிட்டிருந்தாம்மா. வாய் மூடியிருக்கும்போது குரல் வந்தா தியேட்டர்ல சிரிப்பாங்க. அதான் சாரோட அடுத்த வரிய வெட்டித் தள்ளி வெச்சேன். நடுவுல உங்க சிரிப்பப் போட்டு அடைச்சோம்."

அவள் ஹெட்போனைக் கழற்றி அதன் ஆணியில் மாட்டினாள். அது சரியாக உட்காரவில்லை. இன்னொரு தடவை மாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்காரியும் எதிரே உட்கார்ந்து ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைக்காரருக்குச் சரின்னு சொல்லிடுங்க அண்ணி."

அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவங்க வேற இடத்துல பேசி முடிச்சு ரொம்ப நாளாச்சு. நீயா கேப்பேன்னு பார்த்தேன். கேக்கவே இல்ல."

போர்வை சின்னதாகிக்கொண்டே வந்து அண்ணியின் மடியில் அடங்கிவிட்டது. மறுநாள் அவள் தனியாகப் போய் அந்தக் கடைசிச் சிரிப்பைச் சிரித்துக் கொடுத்தாள். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது என்றார்கள்.