தரகர் ஐயாவின் கலப்பு டிஸ்க்

கம்ப்யூட்டர் திருத்துகிறவனின் உயிரை வாங்குவது வைரஸ் அல்ல. வேகமும் வேண்டும், இடமும் வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்று வருகிற வாடிக்கையாளர்தான். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

குணம் பார்த்தல்

வெள்ளவத்தையில் என் கடைக்கு அடுத்த ஒழுங்கையில் கலியாணம் பேசுகிற பரமலிங்கம் ஐயா இருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதகம், படங்கள், வீடியோ என்று அவருடைய லேப்டொப் நிரம்பி வழிந்தது. பெற்றோர் எதிரே காத்திருக்க, அது பத்து நிமிடம் யோசிக்கும்.

சுழலும் தட்டே இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் அப்போது யானை விலை. கலப்பு டிஸ்க் போடலாம் என்றேன். உள்ளே சுழலுகிற பெரிய தட்டு, கூடவே கொஞ்சம் வேக நினைவகம். அடிக்கடி திறப்பது எது என்று அதுவே பார்த்து, அதன் பிரதியை வேகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். நான் புகழ்ந்துகொண்டே போக, அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “நானும் இப்பிடித்தான் தம்பி மாப்பிள்ளைமாரைப் புகழுறனான். குறை என்னெண்டு முதல்ல சொல்லும்.”

பழகும் காலம்

குறையைச் சொன்னேன்: பழகும் வரைக்கும் பழைய வேகம்தான். தலையாட்டிவிட்டுப் போனவர், ஒரு மாற்றமும் இல்லை என்று மறுநாள் காலையே வந்து நின்றார். அது பழக, லேப்டொப்பை நாலைந்து தரம் போட்டு நிறுத்திப் பாருங்கள் என்று அனுப்பினேன். மத்தியானம் சிரித்த முகத்தோடு வந்தார். “பதினாறு தரம் போட்டு நிப்பாட்டினனான். இப்ப நான் கண்ணாடி போட முதல் அது எழும்பி நிக்குது.”

தொட்டவுடன் திறப்பது

ஒரு மாதம் கழித்து ஒரு சந்தேகத்தோடு வந்தார். மற்றப் பிள்ளைகளின் கோப்புறைகள் மெதுவாகத் திறக்க, ஒன்று மட்டும் தொட்டவுடன் திறக்கிறதாம். அதைத்தானே அடிக்கடி திறக்கிறீர்கள் என்றேன் யோசிக்காமல். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது: பொருத்தம் சரிவந்த பிள்ளையின் கோப்புறையை மறுபடி யார் திறக்கிறார்கள்? கொட்டாஞ்சேனை, பாமன்கடை என்று வீடு வீடாகக் காட்டியும் சரிவராததைத்தான் திரும்பத் திரும்பத் திறக்க வேண்டும். யாருடையது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. “என்ர மகளின்ர, தம்பி. ஊரில எல்லாருக்கும் பேசி முடிக்கிறன்.”

புதிய முறைப்பாடு

அடுத்த வருடம் மறுபடியும் லேப்டொப்பைக் கொண்டுவந்து வைத்தார். மகளின் கோப்புறை இப்போது திறக்க நேரமெடுக்கிறதாம். டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. கனநாளாகத் திறக்காததை அது வேகப் பக்கத்திலிருந்து இறக்கிவிடும் என்று விளக்கி, ஏதாவது செய்து பார்க்கவா என்று கேட்டேன். அவர் பையிலிருந்து கலியாணக் கார்ட்டை எடுத்து என் கையில் தந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். “ஒண்டும் செய்ய வேண்டாம் தம்பி. அது மெல்லவே திறக்கட்டும்.”

இன்றைக்குக் கேட்டால் பேசாமல் எஸ்.எஸ்.டி.யை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் வேகம் குறைந்ததற்காகக் கார்ட் கொடுத்துக் கலியாணத்துக்குக் கூப்பிடுகிற வாடிக்கையாளரை அதில் எதிர்பார்க்காதீர்கள்.