டொக்டர் சொன்ன மற்ற இலக்கம்

என் கணையத்தில் இருந்த கட்டிக்கு டொக்டர் இரண்டு இலக்கங்கள் சொன்னார். கிரேட் ஒன்று, மெதுவாக வளரும் வகை. ஸ்டேஜ் நாலு, ஈரலுக்கும் போய்விட்டது. "இது வழமையான கணையப் புற்றுநோய் மாதிரி இல்லை. கன பேர் வருஷக்கணக்கா இருக்கினம்," என்றார். எத்தனை வருஷம் என்று கேட்காமலே ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது மனைவி கோல் எடுத்தாள். "கிரேட் ஒண்டுதானாம்," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன், கோழை. அவள் நிம்மதியில் அழுதபடியே, தான் பிறந்து வளர்ந்த கொட்டாஞ்சேனையில் உள்ள மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போனாள்.

அவள் வருவதற்குள் ரிப்போர்ட்டை அலுமாரியில் சட்டைகளுக்கடியில் ஒளித்தேன்.

பின்னேரம் தேத்தண்ணியை நீட்டியபடி சொன்னாள்: "கோயிலுக்குத் தங்கச்சியும் வந்தவள். அவள் நர்ஸ் எல்லோ. ஒண்டு எண்டது வளருற வேகமாம். எவ்வளவு தூரம் பரவியிருக்கு எண்டதுக்கு வேற இலக்கம் இருக்காம். உங்களுக்கு அது என்ன?"

நான் கோப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"நாலோ?" என்றாள்.

அதற்கு மேல் இலக்கம் இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள்.