அத்தை கெட்டித்த பனியன் துணி

ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறைக்கு உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போனபோது, ஒரு பை நிறையப் பனியன் வேஸ்ட் கொண்டுபோனேன். எங்களூர் மண்ணரையில் அம்மா செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துண்டுகள் அவை. வழக்கமாக அம்மாதான் பொறுக்கித் தருவாள். அம்முறை அந்தப் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். எப்போதும் போகும் வெள்ளைத் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, பளபளவென்றிருந்த நீலத் துண்டுகளாகப் பார்த்து அடைத்தேன். உறவினருக்குக் கொடுப்பது அழகாக இருக்க வேண்டுமல்லவா?

அத்தைக்கு அந்தத் துணி துடைப்பதற்கு மட்டும் அல்ல. மாமா இறந்தபின் அவருடைய நாட்டுத் துப்பாக்கியின் லைசென்சைப் பல அலுவலகங்கள் ஏறி இறங்கித் தன் பெயருக்கு மாற்றியிருந்தாள். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவென்று கொடுக்கப்பட்ட லைசென்ஸ். குழாயின் வாய்வழியே கரிமருந்தைப் போட்டு, ஈயக் குண்டைத் துணித்துண்டில் பொதிந்து, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். கெட்டிப்பது என்பார்கள். குண்டையும் அவளே வார்த்தாள். பஞ்சர் கடையில் வாங்கிய பழைய ஈயக் கட்டிகள் இரும்புக் கரண்டியில் உருகி வெள்ளியாய் மினுங்கும். அதை இடுக்கிபோன்ற அச்சில் ஊற்றி, ஆறியபின் பிரித்தால் நெல்லிக்காய்போல் ஒரு குண்டு விழும். இன்று ஒரு குழந்தையை அந்தப் புகைக்கு அருகில் நிற்க விடமாட்டேன். அன்று அத்தையும் நானும் அடுப்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தோம்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் அண்ணன் இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அவரை நான் பெரிய மாமா என்பேன். பெண்பிள்ளை தனியாக மக்காச்சோளக் காடு காக்க முடியாது, நிலத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விட்டுவிட்டுத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பதே நல்லது என்பது அவருடைய கருத்து. கெடுதல் நினைக்காத குரலில்தான் சொன்னார். மண்மேட்டை ஒட்டி ஓர் எண்ணெய் டின்னை வைத்து, அதில் ஒரு குண்டாவது படட்டும், பிறகு பேசமாட்டேன் என்றார்.

அத்தை மூன்று முறை கெட்டித்தாள். மூன்று குண்டும் மூன்று திசையில் போயின.

"டின்னு பயப்படவே இல்லீங்களே," என்று ஒரு பெரியவர் சிரித்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வர்றேன். அன்னைக்கும் இப்படின்னா எழுதிக் குடுத்துரு அம்மிணி," என்றார் பெரிய மாமா.

அத்தை அச்சின்மேல் சந்தேகப்பட்டாள். வாரம் முழுவதும் வார்த்தோம். மேடு பள்ளம் தெரிந்த குண்டை மறுபடி கரண்டியில் போட்டு உருக்கினோம். கண்ணாடிபோல் வழவழவென்று பன்னிரண்டு தேறின. வெள்ளிக்கிழமை ஒன்றைச் சுட்டுப் பார்த்தாள். அது தென்னைமரத்தின் பக்கம் போனது. அத்தை துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தாள். குழாய்க்குள் விட்ட கம்பி பிசின்போல் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

சுட்ட இடத்துக்கு முன்னால் புல்லில் ஒரு நீலத் துண்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தீப்பட்ட ஓரம் கருகி உதிரவில்லை; உருகி, சின்னச்சின்ன மணிகளாக இறுகியிருந்தது. இந்த மணிகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா தினமும் செய்வதுதான்: ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுவாள். பருத்தி சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகும். நான் பொறுக்கிக் கொண்டுவந்தது விளையாட்டுச் சட்டைக்கு வெட்டிய பாலியஸ்டர். குழாய்க்குள் உருகி, பிசினாக ஒட்டி, போகும் குண்டையெல்லாம் வழிதவற வைத்தது என் பரிசுதான்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஊருக்குப் போய்விட்டால் யாருக்குத் தெரியும்? பிறகு தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அத்தையின் முன்னால் ஒரு நீல நூலைக் கொளுத்திக் காட்டினேன்.

அத்தை அந்தக் கருமணியை விரலால் உருட்டிப் பார்த்தாள். "அடக் கண்ணு, ஒரு வாரமா ஈயத்தையல்லவா குத்தஞ் சொல்லிட்டிருந்தேன்," என்றாள். திட்டு அவ்வளவுதான்.

அதன்பின் அந்த வீட்டில் துணி விஷயத்தில் என் ஆட்சி. தலையணை உறை, திரை, அத்தையின் சேலை முந்தானை எல்லாவற்றிலும் நூல் உருவிச் சோதித்தேன். சேலை தேறவில்லை. மாமாவின் பழைய பனியன் நூல் சுத்தமான சாம்பலானது. அத்தை குழாய்க்குள் ஒட்டிய பிசினைச் சுரண்டி எடுக்க, நான் அந்தப் பனியனைச் சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வந்தார். அத்தை நிதானமாகக் கெட்டித்தாள், தோளில் சாத்தினாள், சுட்டாள். டின் குதித்து உருண்டது. ஓடிப்போய்த் தூக்கினேன், நடுவில் என் பெருவிரல் நுழையும் ஓட்டை. அதன் வழியாகப் பெரிய மாமாவைப் பார்த்தேன். ஓட்டைக்குள் அவர் மிகவும் சிறியவராகத் தெரிந்தார்.

"குருட்டாம்போக்குல பட்டமாட்ட இருக்குது," என்றார்.

"இன்னொண்ணு கெட்டிக்கறனுங்க. டின்னை நீங்களே போயி வெச்சுட்டு வாங்க," என்றாள் அத்தை.

பெரியவர்கள் இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் டின்னை வைக்கப் போகவில்லை. குத்தகைப் பேச்சையும் எடுக்கவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பியவரை வாசல்வரை சென்று வழியனுப்பிவைத்தேன்.

அன்று பொழுது சாயும்போது மக்காச்சோளம் சலசலத்தது. அத்தை மருந்தைப் போட்டாள், பனியன் துணியை இடித்து இறக்கினாள், அத்தோடு நிமிர்ந்துவிட்டாள்.

"அத்தை, குண்டு போடலீங்க."

"தெரியுஞ் சாமி."

வானத்தைப் பார்த்துச் சுட்டாள். காடே அதிர்ந்தது, பன்றிகள் குட்டிகளோடு ஓடைப்பக்கம் ஓடின. எனக்கு அழுகையே வந்தது. ஒரு வாரம் வார்த்தது வீண்தானா? விடுமுறை முடியும்வரை அத்தை பன்றிக்கென்று ஒரு குண்டைக்கூட இறக்கவில்லை. ஆனால் பெரிய மாமா வாசல்வழியே போகும்போதெல்லாம் மீதிக் குண்டுகளை எடுத்துவரச் சொல்வாள். அவற்றைத் தட்டில் கொட்டி, சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வாள். தினமும் அதே பத்து இருக்கையில் எதற்கு எண்ணுகிறோம் என்று விளங்காமலேயே, ஊர் கேட்க உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.