பூங்கோதை கேட்காமல் விட்ட லீவு

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்பிலிருந்து விமானம் ஏறி ஜெர்மனிக்குப் போன பெண் என்றால், கேம்ப் ஆட்களுக்குத் தெரிந்து, பூங்கோதை ஒருத்திதான். அப்பா அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா செங்கம்மாள் ஜங்புராவின் பெரிய வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, மகன் குணாவையும் மகளையும் ஆளாக்கினாள். பன்னிரண்டாவது முடித்ததும் பூங்கோதை அங்கேயே ஒரு ஜெர்மன்காரத் தம்பதியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போனாள். குழந்தை பேசக் கற்றுக்கொண்ட மொழியை அவளும் கூடவே கற்றுக்கொண்டாள். அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது, "நீ ஜெர்மன் பரீட்சை எழுதினால் எங்கள் நாட்டுக்கே ஓபேராக வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனது.

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டு, மொழியும் படிக்கிற இளம்பெண்ணுக்குத்தான் ஓபேர் என்று பெயர். செங்கம்மாளுக்கு அது பிடிபடவில்லை.

"வேலைக்காரியாத்தானடி போற? அதுக்கு எதுக்கு ப்ளேனு?"

"வேலைக்காரி இல்லம்மா. அவங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

"வீட்டுப் பொண்ணுகிட்ட எவனாச்சும் காயிதத்துல கையெழுத்து வாங்குவானா?"

பூங்கோதை சிரித்தாள். குணா கால் டாக்ஸி பிடித்து ஏர்போர்ட் வரைக்கும் கொண்டு போய் விட்டான். அது 2024 செப்டம்பர்.

ஷ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். தில்லியில் இருந்தவர்கள் அல்ல, வேறு குடும்பம்: கரோலா, அவள் கணவன், யோனாஸ், லீனா என்று இரண்டு பிள்ளைகள். பூங்கோதைக்குத் தனி அறை, தனிச் சாவி. அவளை யாரும் அதட்டவில்லை, மிச்சம் மீதியைப் போடவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. உங்கள் வீடு எப்படி இருக்கும் என்று லீனா கேட்டபோது, "சின்ன வீடு, பக்கத்தில் ஆறு ஓடும்" என்றாள். நாலாவை ஆறாக்கியது அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

டிசம்பரில் கரோலா கேட்டாள். "கிறிஸ்துமஸுக்கு ஹம்பர்க்கில் என் அம்மா வீட்டுக்குப் போகிறோம். நீயும் வருகிறாயா?"

வேண்டாம் என்று முதலில் சொல்வதுதான் பூங்கோதைக்குத் தெரிந்த மரியாதை. அட, அதெல்லாம் முடியாது, வந்தே ஆகணும் என்று இரண்டு மூன்று தரம் இழுப்பார்கள், பிறகு போகலாம் என்று நினைத்தாள். "பரவாயில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள்.

"நிஜமாகவா?"

"நிஜமாக. பரவாயில்லை."

கரோலா அதை அப்படியே நம்பிவிட்டாள். அவளுடைய ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இருபத்து நாலாம் தேதி மத்தியானம் பாலும் ரொட்டியும் வாங்கலாம் என்று கிளம்பிய பூங்கோதை, தெருவே கதவடைத்துக் கிடப்பதைப் பார்த்தாள். தீபாவளி அன்றும் கேம்புக்குப் பக்கத்துப் போகல் மார்க்கெட்டில் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும். இங்கே அடுத்து வந்த இரண்டு நாளும் சேர்த்து எதுவும் திறக்காது என்பதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார்தான் சொல்வார்கள்? ஜன்னல் ஜன்னலாக மெழுகுவத்தி எரிந்தது. உள்ளே குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவள் நூடுல்ஸ் வேகவைத்தாள். அது தீர்ந்ததும் பிள்ளைகளின் டப்பாவில் இருந்த பிஸ்கட்டைத் தின்றாள்.

வீடியோவில் அம்மா வந்தாள். "என்னாடி, உள்ள ஒரு சத்தத்தையும் காணோம்?"

"எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருக்காங்கம்மா."

"பண்டிகைக்கு என்னா ஆக்கினாங்க?"

"வாத்துக் கறி, கேக்கு, எல்லாம்தான். அங்க எப்படிம்மா?"

"இங்க என்னா கொற? நல்லாத்தான் இருக்கோம்" என்று சொல்லி, தில்லிப் பனிப்புகையில் தொண்டை கிழிய இருமினாள் செங்கம்மாள்.

ஜனவரியில் மொழி வகுப்பில் கொலம்பியாக்காரி ஒருத்தி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளும் ஓபேர்தான். அந்த வட்டாரத்து ஓபேர் பெண்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வீட்டில் கூடிச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். "வாயைத் திறந்து கேள், பூங்கோ. இங்கே முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள். உனக்கு வருஷத்துக்கு நாலு வாரம் லீவு இருக்கிறது, தெரியுமா? எப்போது வேண்டும் என்று இப்போதே சொல்லி வை."

பூங்கோதைக்குத் தெரியும். கேட்கத்தான் கூச்சம். நன்றாக நடத்துகிறவர்களிடம் எதையும் கேட்பது அவளுக்கு நன்றிகெட்ட வேலையாகப் பட்டது.

ஏப்ரலில் குணா போன் செய்தான். நாலா ஓரத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். முன்பும் பல தரம் இப்படிப் பேச்சு வந்து அடங்கியிருக்கிறது. "இந்தத் தடவை நெசம்தான் போல. நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன். அம்மா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது."

மறுநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஜூனில் நான் ஊருக்குப் போய்விட்டு வரலாமா?"

கரோலா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஜூனில் பிள்ளைகளுக்குப் பெந்தெகொஸ்தே விடுமுறை. வட கடல் தீவில் வீடு பிடித்தாயிற்று. நீ இல்லாமல் கஷ்டம். ஜூலையில் போகலாமா? இல்லை, அவசரமா?"

அவசரம்தான். ஆனால் அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஓடுவது ஆறு அல்ல, சாக்கடை. வீடு என்று சொன்னது குடிசை. அதை இடிக்கப் போகிறார்கள். இத்தனைக்கும் அவளிடம் ஜெர்மன் இருந்தது. இடிப்பது, வீடு, அம்மா, எல்லாம் லீனாவின் படப் புத்தகத்தில் வருகிற சொற்கள்தான்.

"பரவாயில்லை. ஜூலையிலேயே போகிறேன்" என்றாள்.

ஜூன் தொடக்கத்தில் புல்டோசர் வந்தது. குணா அனுப்பிய வீடியோவில் தூசிதான் அதிகம் தெரிந்தது. கடைசியில் ஒரு நொடி, ரோட்டோரத்தில் மடக்குக் கட்டில் மேல் முந்தானையால் வாயை மூடியபடி அம்மா. குணாவின் பெயருக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். தில்லியின் அந்தக் கோடி அது. செங்கம்மாள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய வேலை வீடுகள் ஜங்புராவில். விடிகாலையில் அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். போகலில் ஒரு மொட்டை மாடியில், தகரக் கூரை போட்ட அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இருக்கு ரூமு?"

"மேல இருக்கறதால நல்ல காத்து. நீ வந்து பாரேன் ஜூலையில." ரூமைக் காட்டு என்றால், நெட் சரியில்லை என்று வைத்துவிடுவாள். பூங்கோதையும் வற்புறுத்தவில்லை.

தீவில் வெயில் இதமாக இருந்தது. தில்லியில் அதே நாட்களில் அனல் காற்று. அன்று கரோலாவும் கணவனும் பக்கத்துத் தீவைப் பார்க்கப் படகில் போயிருந்தார்கள். இருட்டுவதற்குள் வந்துவிடுவோம், அங்கே போன் எடுக்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். யோனாஸ் மணலில் அகழி வெட்டிக்கொண்டிருந்தான். லீனா வாளியில் ஒரு நண்டோடு ஓடி வந்தபோது பூங்கோதையின் போன் அடித்தது.

"அம்மா போயிடுச்சு பாப்பா" என்றான் குணா.

"எங்க போச்சு?" என்று கேட்டாள் அவள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை.

இரண்டு நாளாகக் காய்ச்சலாம். வெயில்தான் என்று ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் கீழ்க் குழாயிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது விழுந்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது என்றார்கள். குணா நரேலாவிலிருந்து வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

பூங்கோதை கரோலாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் போகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளால் உட்கார்ந்து அழக்கூட முடியவில்லை. வாளியில் இருந்த நண்டைத் தண்ணீரில் விட வைத்தாள். துண்டுகளை உதறி மடித்தாள். இருவரையும் கைப்பிடித்துக் கூட்டி வந்து, மணல் போகக் குளிப்பாட்டி, நூடுல்ஸ் வைத்துக் கொடுத்தாள்.

"நீ ஏன் சாப்பிடவில்லை?" என்றாள் லீனா.

"பசிக்கவில்லை."

படுக்கையில் கதை கேட்டார்கள். படித்தாள். ஒரு சொல்லை அவள் தப்பாக உச்சரிக்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. சொன்னாள்.

பெற்றோர் வந்தபோது, அந்த ஊர்க் கோடையில் மணி ஒன்பது தாண்டியும் வெளியே வெளிச்சம் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கரோலா வாசற்படியிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். உடனே டிக்கெட் போட்டாள். வீடு இடிந்ததிலிருந்து எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை? அவசரமா என்று நான் கேட்டேனே, பூங்கோதை. சொல்லியிருந்தால் இந்தத் தீவுக்கே வந்திருக்க மாட்டோமே" என்றாள். அவள் சொன்னது நிஜம் என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. கரோலா கல்நெஞ்சுக்காரியாக இருந்திருந்தால் அவளையாவது திட்டியிருக்கலாம்.

தீவிலிருந்து காலையில்தான் படகு. தில்லி வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வெயிலில் உடம்பை வைத்திருக்க முடியவில்லை. யமுனைக்கரை நிகம்போத் சுடுகாட்டில் எரித்துவிட்டேன் என்றான் குணா. போகல் அறைக்குக் கூட்டிப் போனான். தகரத்தின் கீழே நின்ற இரண்டு நிமிஷத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. ஒரு டேபிள் ஃபேன் சூட்டைத்தான் சுழற்றியது. கீழ்வீட்டுப் பஞ்சாபிக் கிழவி ஏறி வந்து, "உன்னைப் பற்றியேதான் பேசுவாள். ஜூலையில் மகள் வருவாள், இரண்டு பேருமாக நரேலா போய்விடுவோம் என்றாள்" என்று இந்தியில் சொன்னாள்.

குணாவுக்கு அப்போதுதான் தாங்கவில்லை. "நான் கால்ல விழாத குறையாக் கூப்ட்டேன், வரலை. நீ வந்து சொல்லியிருந்தா வந்திருக்கும். நீ சொன்னா மட்டும்தான் அது கேக்கும்." சொல்லிவிட்டு அவனே சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

அவள் திரும்பிப் போகவில்லை. சில மாதம் கழித்து, அவள் பரீட்சைக்குப் படித்த லாஜ்பத் நகர் பயிற்சி மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓபேராகப் போகவிருக்கிற பெண்களிடம் அங்கத்திய பண்டிகை, பனி, கிறிஸ்துமஸ் சந்தை பற்றியெல்லாம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் அதை நடத்துகிற நிகில். அவள் போனாள். கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பிலிருந்து வந்திருந்த காமாக்ஷி என்ற பெண், "அக்கா, ஃபெஸ்டிவல் டைம்ல லோன்லியா இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்கும். கிறிஸ்துமஸுக்கு மூணு நாளு கடை இருக்காது, முன்னாடியே வாங்கி வெச்சுக்கணும். கூப்ட்டா ஒரு தடவைதான் கூப்டுவாங்க, வரேன்னு சொல்லிடு. போன மொத வாரமே காலண்டரைப் பாத்து உன் லீவை எழுதி வாங்கிடு. திரும்பி வர டிக்கெட்டுக்கு வேண்டிய காசை யார்கிட்டயும் குடுக்காத. வீட்ல ஏதாச்சும்னா, அழுதாவது சொல்லு. அவங்க நல்லவங்களா இருந்தாலும் சொன்னாத்தான் தெரியும்." இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிகில் டீ கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார். மறுபடி கூப்பிடவில்லை.

தில்லியின் துவாரகா பகுதியில் சுஜாதா, ஸ்ரீதர் என்ற தமிழ்த் தம்பதியின் குழந்தை அர்ஜுனைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள். "ஜூன்ல எங்கம்மாவுக்கு வருஷத் திதி வருதுக்கா. அன்னிக்கும் அதுக்கு மறுநாளும் எனக்கு லீவு வேணும்."

"அதுக்கென்ன, தாராளமா" என்றாள் சுஜாதா.

ஜூன் வந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது சுஜாதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பூங்கோதை, நைனிடால் புக் பண்ணியாச்சு. அந்த வாரம்தான் அவருக்கு லீவு கெடச்சுது. திதிதானே, உங்கண்ணா செய்வாரில்ல? நீ வந்துட்டு அப்புறமா கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிக்கலாமே?"

பரவாயில்லைக்கா என்ற சொல் பூங்கோதையின் வாய்வரை வந்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"முடியாதுக்கா."

"ரெண்டு நாளைக்காக எங்க ட்ரிப்பையே கேன்சல் பண்ணச் சொல்றியா?"

"கேன்சல் பண்ணச் சொல்லலை. நான் வரலைன்னு சொல்றேன். சேர்ந்த அன்னிக்கே சொன்னேன்ல?"

"அப்போ நான் வேற ஆளுதான் பாக்கணும்."

"பாத்துக்கோங்கக்கா." குழந்தை இன்னொரு வாய்க்காக ஆவென்று வாயைத் திறந்தது. மிச்சத்தையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

திதி அன்று அண்ணனும் தங்கையும் யமுனைக் கரைக்குப் போனார்கள். காலையிலேயே படிக்கட்டு காலைச் சுட்டது. தண்ணீரில் நுரை மிதந்தது. எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது குணா கேட்டான்.

"துவாரகா வேலை போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அன்னிக்கு நான் உன்னைக் குத்தம் சொன்ன மாதிரி, இதுக்கு நீ என்னைச் சொல்லுவியா?"

"யாரையும் சொல்லலை. வா, பசிக்குது."

இப்போது அவள் நரேலாவில் குணாவின் வீட்டில் இருக்கிறாள். விடியும் முன் பஸ் பிடித்து நகரத்துக்கு வேலைக்குப் போகிற கேம்ப் பெண்கள் சிலர், தங்கள் குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். லீனா எப்போதாவது குரல் செய்தி அனுப்புவாள். பேசாமல் விட்டதில் ஜெர்மன் மறந்து, பாதிதான் புரிகிறது. பூங்கோதை அதை இரண்டு தரம் போட்டுக் கேட்பாள். பதில் சொல்ல வாயெடுத்து, சொல் கிடைக்காமல் வைத்துவிடுவாள்.