உன்னை, உனக்கு

என் அக்காவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் சொல்வது, "தங்கமான பொண்ணு, எல்லாத்துக்கும் விட்டுக்கொடுத்துப் போவா" என்பதுதான். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்கம் என்று சொல்லித்தானே போட்டு உருக்குகிறார்கள்.

வீட்டில் சன்னல் வைத்த ஒரே அறை அண்ணனுக்குப் போனது. அவனுக்குக் கல்யாணமானதும் பெரிய அலமாரி அண்ணிக்குப் போனது. கல்லூரிக்குப் போயிருக்க வேண்டிய அக்கா, அப்பா படுத்த படுக்கையானதும் பல் செய்கிற பட்டறைக்கு வேலைக்குப் போனாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பொய்ப்பல் செய்யும் இடம் அது. மெழுகு வாடை, மாவுத் தூசி, ஓயாமல் கீச்சிடும் அரைக்கிற மெஷின். சாயங்காலம் அக்கா வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

"என்ன, அதுக்குள்ள கிழவி ஆயிட்டியா?" என்பேன்.

"ஊர்ல இருக்கிற கிழவிங்களை எல்லாம் குமரியாக்கிட்டு வரேன்டி" என்பாள்.

அக்காவுக்குப் பிடித்துப்போனவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். ஸ்பேனர் நழுவி முன்பல் உடைந்து, புதுப் பல்லுக்கு நிறம் பார்க்கப் பட்டறைக்கு வந்தான். அக்கா மாதிரிப் பற்களை அவன் உதட்டோரம் வைத்து, "சிரிங்க" என்றாளாம். நிறம் பார்த்து முடித்த பிறகும் அவன் சிரிப்பை நிறுத்தவில்லையாம். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "மாமா, மாமா" என்று நானும் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினேன்.

கல்யாண மேடையில் ஒருவருக்கொருவர் சொல்லும் வாக்குகளைத் தாங்களே எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். யோசனை அவனுடையது. "பழைய வாக்குல பொண்ணுக்குப் பாரம், பையனுக்குப் பட்டம். நமக்கு அது வேணாம். ரெண்டு பேரும் ஒரே வாக்கைச் சொல்லுவோம்" என்று டீக்கடையில் உட்கார்ந்து பெரிதாகப் பேசினான். சமையலில் ஆளுக்குப் பாதி. உடம்புக்கு முடியாதபோது முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வது. இப்படிப் போய், கடைசி வரியை அக்கா எழுதினாள்: "யார் முன்னாடியும் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நாலு பேர் முன்னால் தன் பக்கம் நிற்க ஓர் ஆள். எங்கள் வீட்டில் அவளுக்கு அப்படி யாரும் நின்றதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் ஒத்திகை. நாற்காலிகளைப் பாதிதான் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் அவன் அம்மா, அவன் அக்கா, எங்கள் அம்மா, சித்தப்பா, நான். மைக் எதிரொலித்தது. அக்கா தன் பங்கைப் படித்துக்கொண்டு வந்து கடைசி வரியைச் சொன்னாள். எங்கள் காதில் விழுந்தது வால் மட்டும்தான்: "விட்டுக்கொடுக்க மாட்டேன்... மாட்டேன்..."

அவன் அம்மா எழுந்துவிட்டாள். "என்னது? தாலி ஏறுறதுக்கு முன்னாடியே மைக்ல சொல்றாளே, விட்டுக்கொடுக்க மாட்டேன்னு! இந்தத் திமிரை எங்க கொண்டு வைக்கிறது?"

"அத்தை, 'உனக்கு' விட்டுக்கொடுக்க மாட்டேன்னு சொல்லலை. 'உன்னை' விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்க பையனை யாரும் மட்டமாப் பேச விடமாட்டேன்னு அர்த்தம்" என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

புரிந்தது. புரிந்தபின் இன்னும் மோசமானது. "யார் முன்னாடியும்னா? என் முன்னாடியுமா? அப்ப என் பையனும் என் முன்னாடி இவ பக்கம்தான் நிப்பானா?"

அவன் அக்கா வழி கண்டுபிடித்துவிட்டாள். "எதுக்கு வம்பு? பொண்ணு 'உனக்கு விட்டுக்கொடுத்துப் போவேன்'னு சொல்லட்டும். தம்பி 'பத்திரமாப் பாத்துக்குவேன்'னு சொல்லட்டும். கேக்கவும் நல்லாயிருக்கும்."

எல்லோரும் அவனைப் பார்த்தோம். மாடி மாடியாகக் கம்பியில் தொங்கி வேலை பார்க்கிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒரு வார்த்தைதானே. அம்மா ஆசைப்படுறாங்க. மாத்திச் சொல்லிடேன். நமக்குள்ள என்னன்னு நமக்குத் தெரியும்ல" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை. "சரி. இப்ப உன் பங்கைப் படி" என்று மைக்கை நீட்டினாள்.

படித்தான். சமையல் வந்தது. உடம்புக்கு முடியாதது வந்தது. கடைசி வரியில் நின்றான். அம்மாவைப் பார்த்தான். தாளை மடித்தான்.

"ஒரு வரி பாக்கி இருக்கு."

"நாளைக்குச் சொல்றேன். இப்ப வேணாமே."

"நாளைக்கு ஊரே உக்காந்திருக்கும். இந்த நாலு பேர் முன்னாடியே வரலையே."

சித்தப்பா இடையில் புகுந்தார். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போம்மா. உனக்கென்ன புதுசா?"

புதுசா! அவரை என்ன செய்தாலும் தகும். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அதற்குத் தலையாட்டினாள்.

அக்கா மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவன் வாசல்வரை ஓடிவந்தான். "ஒரு வரிக்காக என்னை விட்டுட்டுப் போறியா?"

"நீதான் என்னை விட்டுக்கொடுத்துட்ட. நான் என்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றாள்.

கல்யாணம் நின்றது. வாய் நீளம், அடங்காப்பிடாரி என்று அவன் வீட்டார் போகிற இடமெல்லாம் சொன்னார்கள். அவன் மறுத்து ஒரு வார்த்தை பேசியதாகக் கேள்விப்படவில்லை.

அக்கா பட்டறைக்குத் திரும்பிய அன்று மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். முதலாளியும் உடன் வேலை செய்கிறவர்களும் அவளைச் சூழ்ந்திருந்தார்கள். "பையன்கிட்ட ஏதோ கோளாறாமே? குடியா? வேற சகவாசமா? சும்மா சொல்லும்மா, நாங்க யார்கிட்டயும் சொல்லமாட்டோம்" என்று முதலாளி கேட்டார். சொல்லிவிடு, கோழை என்று சொல்லு, மானத்தை வாங்கு என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

அக்கா கையிலிருந்த மெழுகுப் பல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவரைப் பத்தித் தப்பாப் பேசாதீங்க. நல்ல மனுஷன். எங்களுக்குள்ள சரிவரலை" என்றாள்.

சாப்பாட்டுப் பாத்திரத்தை அங்கேயே போட்டு உடைக்கலாம்போல் இருந்தது. சொன்ன வாக்கை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள், போயும் போயும் அவனுக்கு.