அவருக்குக் காரம் ஆகாதுங்க

போன வெள்ளிக்கிழமை ஒரு புருஷனைத் தண்டிக்க ஆனைமலைக்குப் போய்வந்தேன். என் புருஷன் இல்லை. அவனை விட்டு வந்த கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். இது பக்கத்து ரூம் ருக்மணியின் புருஷன்.

துடியலூரில் நாங்கள் இருப்பது லைன் வீடு. பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. டவுன் பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்வது அவள்தான். நெற்றியில் ஒரு தழும்பு. எவர்சில்வர் தட்டின் விளிம்பு பட்டது. குழம்பில் காரம் கொஞ்சம் கூடினாலும் அவள் புருஷன் தட்டை வீசுவான். ஒருநாள் குறி தப்பவில்லை. கிளம்பி வந்துவிட்டாள். வந்து வருஷக்கணக்காகிறது.

இப்போது திடீரென்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பெட்டியைக் கட்டி வை என்று தகவல்.

"போறியா?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க்கா. அம்மன் சொல்லட்டுமுங்க."

அநியாயம் பண்ணினவனை நினைத்து மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், அவன் உடம்பு எரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் அவ்வளவு கூட்டம் இருக்காது. பொள்ளாச்சியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

ஆட்டுக்கல் பக்கம் போனாலே தும்மல். எங்களுக்கு அடுத்த கல்லில் ஒரு அம்மாள் மலை மாதிரி மிளகாயைக் குவித்து அரைத்துக்கொண்டிருந்தார். அவர் கிணற்று மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். ருக்மணி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நிறைய மிளகாய் இருந்தது. அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி மூன்றே மூன்றை எடுத்துக் கல்லில் வைத்தாள். காம்பைக் கிள்ளினாள். அப்புறம்... விதையையும் தட்டிவிட்டாள்!

மோட்டார் அம்மாள் அரைப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஆருக்கு அரைக்கறீங்க?"

"எங்க ஊட்டுக்காரருக்குங்க. அடிப்பாருங்க."

"அதுக்கு இத்துனூண்டா?"

"அவருக்கு வயித்துப்புண்ணுங்க. காரம் ஆகாதுங்க."

"அட ஏனுங்க, நீங்க சாபம் உட வந்தீங்களா, பத்தியம் வெக்க வந்தீங்களா?"

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும்தான். ருக்மணி சிரிக்கவில்லை. மூன்று மிளகாயையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எல்லாவற்றையும் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"போலாமுங்க்கா."

"பூசலையா?"

"இல்லீங்க."

திரும்பி வரும்போது பஸ் கிணத்துக்கடவு தாண்டியதும்தான் வாயைத் திறந்தாள். "அக்கா, எங்கம்மா ஊட்டுல நாந்தான் பச்ச மொளகாயக் கடிச்சுட்டுப் பழைய சோறு திம்பேன். இங்க தனியா இருந்துட்டு, இன்னும் அவருக்கு வெக்கற மாதிரியே கொழம்பு வெச்சிட்டிருக்கேனுங்க."

நான் அவளைக் கேலி செய்யவில்லை. எப்படிச் செய்வது? என் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? விட்டு வந்த புதிதில், சாயங்காலம் அவன் வேலை முடிந்து வரும் நேரமானால் என் கை தானாகப் போய் ரேடியோ சத்தத்தைக் குறைக்கும். அவன் இருந்தது வேறு ஊரில். நாம் சட்டென்று பஸ் ஏறிவிடுகிறோம். நம் கை மட்டும் அந்த வீட்டிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கூட்டிக்கொண்டு வர எந்த பஸ்ஸும் இல்லை. நாமேதான் நடந்து போய்க் கூட்டிவர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். கையில் மல்லிகைப் பூ, மிக்சர் பொட்டலம். "பெட்டி எங்க?" என்றான். "மொதல்ல சாப்புடுங்க" என்றாள். நான் வாசலில் துணி அலசுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வாய் போட்டதும் புரை ஏறியது.

"என்னடி இது? எனக்குக் காரம் ஆகாதுன்னு மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க. இது எனக்கு வெச்ச கொழம்புங்க."

"நான் வர்றேன்னு தெரியுமல்ல?"

"தெரியுமுங்க. தெரிஞ்சேதான் எனக்கு வெச்சேனுங்க. நான் வரலீங்க."

அவன் கை தட்டோடு மேலே போனது. நான் வாளியைக் கீழே வைத்தேன்.

ருக்மணி நகரவில்லை. குரலும் உயரவில்லை.

"அந்தத் தட்டு எஞ்சம்பளத்துல வாங்குனதுங்க. அடியில எம்பேரு வெட்டியிருக்குதுங்க. கீழ வெச்சுருங்க."

அவன் தட்டின் அடியைப் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். அவன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தட்டு கீழே வைக்கப்பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. கை கழுவினான். கிளம்பிவிட்டான்.

"பாத்துப் போங்க" என்றாள். மிக்சர் பொட்டலத்தையும் மறக்காமல் கொடுத்தனுப்பினாள். ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. 'மன்னிச்சுக்குங்க' மட்டும் வரவே இல்லை.

பிறகு அதே தட்டைக் கழுவி எனக்குச் சோறு போட்டாள். தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது... நிறுத்தவில்லை.

"அக்கா, காரம் இன்னுங் கொஞ்சம் இருக்கலாமுங்ளா?"

வேண்டாம் என்று கையை ஆட்டினேன். சொம்புத் தண்ணீர் வாயில் இருந்தது.