அம்மாவின் கூடையும் எங்கள் சேவை முகாமும்

மாணவர்களுக்குச் சமூக சேவையைக் கட்டாயமாக்கலாமா என்பதுதான் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு வாங்கிக் கொடுத்த தலைப்பு. ஆக்கியே தீர வேண்டும் என்று தொண்டை கிழியப் பேசினேன். எழுபதுகளின் தொடக்கம். எதிலும் எனக்குச் சந்தேகமே வராத வயது.

அந்தக் கோடையில் சேவை முகாமை எங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்கள். ஆந்திர எல்லையில், ஆரம்பாக்கத்தை ஒட்டிய கிராமம். மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை முழங்கால் சேறாகிவிடும். அதை மண் கொட்டி மேடாக்க வேண்டும். "நாமே செய்துவிட்டால் அரசாங்கத்துக்குச் செலவு மிச்சம். அந்தப் பணத்தில் இன்னொரு வகுப்பறை கட்டலாம்" என்றார் முகாமை நடத்திய பேராசிரியர். மரத்தடியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கையை நினைத்து இன்னும் வேகமாக மண் வெட்டினேன்.

வெயில் ஏறியதும் அம்மா தன் மண் கூடையோடு வந்தாள். அறுவடை முடிந்துவிட்டால் அவளுக்கு மண் சுமந்துதான் சோறு. ஒன்றும் கேட்காமல் தலையில் சும்மாடு சுருட்டி வைத்துக்கொண்டு எங்கள் வரிசையில் நுழைந்துவிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னைப் பார்த்துத்தான் சேவைக்கு வந்திருக்கிறாள் என்று நண்பர்களிடம் அளந்தேன்.

சாயங்காலம் பேராசிரியர் அவளைப் பாராட்டிப் பேச, எல்லோரும் கை தட்டினோம். கூட்டம் கலைந்த பிறகும் அம்மா போகவில்லை.

"கை தட்னது போதும் நைனா. கூலி எப்ப குடுப்பாங்க?"

இது சேவை, கூலி கிடையாது என்றேன்.

"ஒனக்குக் கூடவா?"

"எனக்கும் இல்லம்மா."

அவள் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தாள். "இந்த ரோட்டு வேல வரும்னுதானே பொம்பளைங்க அத்தினி பேரும் காத்துக்கினு இருந்தோம்?"

வகுப்பறை வரப்போவதைச் சொன்னேன். தங்கையின் தலைக்கு மேல் ஒரு கூரை. அதை அவளும் ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டாள். எனக்குத்தான் குழம்பிப்போயிற்று. பாதை வேண்டும், வகுப்பறை வேண்டும், அம்மாவுக்கு வேலையும் வேண்டும். மேடையில் பேசியபோது இவை எல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

"அந்த ரூம்பு கட்டசொல்லயாவது எங்கள கூப்டுவாங்களா?" என்று கேட்டாள். "இல்ல, அதையும் நீங்களே வந்து கட்டிட்டுப் போயிடுவீங்களா?"

 

மறுநாள் காலை முகாமுக்குப் போவதா வேண்டாமா என்று வாசலில் விழித்துக்கொண்டு நின்றேன். அம்மா தன் கூடையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"எட்துக்கினு போ நைனா. ஊட்ல சும்மாதானே கெடக்கப்போவுது."